ஹார்மோன் மாத்திரை: அமெரிக்க முடிவும் நம் வீட்டுப் பெண்களும்

அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் 2025 நவம்பர் 10-ந் தேதி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தரப்படும் ஹார்மோன் மருந்துகளின் குறிப்புச் சீட்டில் கறுப்புக் கட்டம் கட்டி அச்சிடப்பட்டு வந்த எச்சரிக்கையின் பெரும்பகுதியை எடுத்துவிடத் தீர்மானித்திருப்பதாக அது தெரிவித்தது. இதய நோய், மார்பகப் புற்றுநோய், மறதி நோய் ஆகியவை வரக்கூடும் என்று 2003-ம் ஆண்டு முதல் அந்தக் கட்டத்துக்குள் இடம்பெற்றிருந்த வாசகங்கள் போகின்றன. கருப்பை உள்ள பெண் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகச் சாப்பிட்டால் கருப்பைப் புற்றுநோய் வரக்கூடும் என்ற எச்சரிக்கை நீடிக்கிறது.

வாஷிங்டனில் ஒரு கட்டம் அழிக்கப்படுவதற்கும், தாராவியிலோ செம்பூரிலோ, தில்லி கரோல்பாகிலோ, பெங்களூர் ஸ்ரீராமபுரத்திலோ குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். தொடர்பு இருக்கிறது. அந்த எச்சரிக்கை அச்சான நாளிலிருந்து உலகெங்கும் மருத்துவர்கள் இம்மருந்தை எழுதத் தயங்கினர். பெண்களும் அதன் பெயரைக் கேட்டாலே அஞ்சினர். நம் நாடும் அதற்கு விலக்கல்ல. இனி அச்சம் வேண்டாம் என்ற செய்தி வரும்போது, மருந்து விற்பனையும் விளம்பரமும் அதன் பின்னாலேயே வரும். நேற்று யாருக்குமே ஆகாது என்று ஒதுக்கப்பட்ட மாத்திரை, நாளை எல்லாருக்கும் ஏற்றது என்று சொல்லப்படலாம். இரண்டு பேச்சுமே தவறானவை. யாருக்கு, எந்த வயதில், எந்த உடல்நிலையில் என்று பிரித்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். அப்படிப் பார்க்கும்போது, இம்மருந்து மிகவும் தேவைப்படும் நிலையில் உள்ள நம் நாட்டுப் பெண்கள் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதையே எவரும் சொல்லவில்லை என்பது புலப்படும்.

எலும்பு கரையும் விதம்

எலும்பு என்பது கல்லைப் போல ஒருமுறை அமைந்து அப்படியே நிற்பது அன்று. பழைய எலும்பைக் கரைத்தெடுக்கும் செல்களும், அந்த இடத்தில் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுவதும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. நகராட்சி சாலையைத் தோண்டும் கூட்டத்தையும் அதைச் செப்பனிடும் கூட்டத்தையும் இதற்கு ஒப்பிடலாம். தோண்டும் கூட்டத்தை அளவு மீறாமல் கட்டுப்படுத்தி வைப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். பெண்ணின் சினைப்பை அதைச் சுரக்கிறது. மாதவிடாய் நிற்கும்போது இந்தச் சுரப்பு குறைந்து போகிறது. பிறகு தோண்டுதல் விரைகிறது. செப்பனிடுதல் ஈடுகொடுக்க முடிவதில்லை. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் எலும்பின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை போய்விடக்கூடும்.

இதைத்தான் எலும்பு மெலிவு நோய் என்கிறார்கள். முழங்கால் வலிக்குக் காரணமான மூட்டுத் தேய்மானம் வேறு; இது வேறு. மூட்டுத் தேய்ந்தால் வலி முன்கூட்டியே சொல்லிவிடும். எலும்பு மெலிந்தால் முறியும் நாள் வரை பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகுதான் வீட்டாருக்குத் தெரியவரும். பாட்டிக்குக் கூன் விழுந்துவிட்டது, வயதானால் அப்படித்தான் என்று நாம் சொல்லிவிடுகிறோம். அந்தக் கூன் பெரும்பாலும் முதுகெலும்பின் கட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கியதன் விளைவே.

இடுப்பெலும்பு முறிவு இவற்றுள் மிகக் கொடியது. மேல்நாட்டுக் கணக்குகளின்படி அத்தகைய முறிவு ஏற்பட்ட முதியோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றனர். பிழைத்தவர்களில் பலர் பழையபடி நடப்பதில்லை. பம்பாயில் வேலை பார்க்கும் மகனுக்குத் திருநெல்வேலிப் பக்கத்து ஊரிலிருந்து, அம்மா விழுந்துவிட்டாள் என்ற செய்தி வந்தால் என்ன நடக்கும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அவசரப் பயணம், சம்பளமில்லா விடுப்பு, அறுவைச் செலவு, கடன், பிறகு யார் வீட்டில் வைத்துப் பார்ப்பது என்ற பேச்சு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும்.

அறுபது ஆண்டுப் புகழ்

மாதவிடாய் நிற்பதற்கும் எலும்பு மெலிவதற்கும் தொடர்பு உண்டு என்பதை அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1940-களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். 1942-ல் பிரிமரின் என்ற மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. சினையான குதிரையின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரோஜனே அது. 1960-களில் இளமையைக் காக்கும் மருந்து என்று அது கொண்டாடப்பட்டது. 1975-ல், ஈஸ்ட்ரோஜனைத் தனியாகச் சாப்பிடுவோருக்குக் கருப்பைப் புற்றுநோய் அதிகம் வருவதாக ஆய்வுகள் வெளிவந்தன. கருப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த ஆபத்து நீங்கும் என்று கண்ட பிறகு விற்பனை மீண்டும் உயர்ந்தது.

2002-ல் நடந்தது

அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் 1990-களில் பெண்கள் நலனுக்கான மாபெரும் ஆய்வு ஒன்றைத் தொடங்கியது. அதன் ஒரு பகுதியில் கருப்பை உள்ள 16,608 பெண்கள் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதியினருக்கு இரு ஹார்மோன்கள் சேர்ந்த மாத்திரையும், மறு பாதியினருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் தரப்பட்டன. சராசரியாக ஐந்து ஆண்டுகள் கடந்த நிலையில், 2002 ஜூலையில் இந்தப் பகுதி பாதியில் நிறுத்தப்பட்டது. நன்மையைவிடத் தீமை மிகுதி என்று கண்காணிப்புக் குழு கருதியதே காரணம்.

மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம் என்று பத்திரிகைகள் தலைப்பிட்டன. அமெரிக்காவில் இலட்சக்கணக்கான பெண்கள் மருந்தைத் தூக்கி எறிந்தனர். 26 சதவீதம் என்பது பொய்யன்று. ஆனால் அதை ஆள் கணக்கில் பார்த்தால்தான் அளவு புரியும். மருந்து சாப்பிடாத 10,000 பெண்களை ஓராண்டு கவனித்தால் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. சாப்பிட்ட 10,000 பேரில் 38 பேருக்கு வந்தது. பக்கவாதம் 21-லிருந்து 29 ஆயிற்று. இதய நோய் 30-லிருந்து 37 ஆயிற்று. நுரையீரலில் ரத்தம் கட்டுவது 8-லிருந்து 16 ஆயிற்று. மறுபுறம், இடுப்பெலும்பு முறிவு 15-லிருந்து 10 ஆகக் குறைந்தது. பெருங்குடல் புற்றுநோய் 16-லிருந்து 10 ஆகக் குறைந்தது.

ஹார்மோன் மாத்திரை எலும்பு முறிவைக் குறைக்கிறது என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியதும் இதே ஆய்வுதான் என்பது குறிப்பிடத்தக்கது. அச்சம் பரவிய வேகத்தில் அந்தப் பாதிச் செய்தி எவர் காதிலும் விழவில்லை. 2011-ல் கலிபோர்னியாவில் 80,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து வெளியான ஓர் ஆய்வு, ஹார்மோனை நிறுத்திய பெண்களிடையே இடுப்பெலும்பு முறிவு அதிகரித்திருப்பதைக் காட்டியது.

வயது என்ற கணக்கு

2002 ஆய்வின் பெரும் குறை அதில் சேர்ந்தவர்களின் வயதாகும். சராசரி வயது 63. ஐம்பதுகளில் இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினரே. மாதவிடாய் நின்று பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆன, ரத்தக் குழாய்கள் ஏற்கெனவே தடித்துவிட்ட பெண்களுக்குப் புதிதாக ஹார்மோனைத் தொடங்கியதால் வந்த விளைவை, நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கும் பொருத்திப் பார்த்தது முறையல்ல. பிற்பாடு வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60 வயதுக்குள் அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் தொடங்கியவர்களின் நிலை வேறாக இருந்தது. இதே பெண்களை 18 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2017-ல் வெளியிட்ட கணக்கில், மருந்து சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் மொத்த இறப்பில் வேறுபாடு காணப்படவில்லை.

எச்சரிக்கையை நீக்குவதற்கு அமெரிக்க நிர்வாகம் கூறும் நியாயமும் இதுவே.

ஆனால் ஆபத்தே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. 2019-ல் வெளியான ஓர் உலகளாவிய தொகுப்பாய்வின்படி, மேல்நாட்டுப் பெண்கள் 50 வயதில் தொடங்கி ஐந்தாண்டுகள் இரு ஹார்மோன்களையும் நாள்தோறும் சாப்பிட்டால், அடுத்த 20 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோய் நூற்றுக்கு 6.3 என்பதிலிருந்து 8.3 ஆக உயர்கிறது. அதாவது ஐம்பது பேருக்கு ஒருவர் கூடுதல். ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிடுவோருக்கு அது 6.8 மட்டுமே. இந்தியப் பெண்களிடையே அந்நோய் மேல்நாட்டைவிடக் குறைவு என்றாலும், நோய் வந்தவர்கள் இங்கே காலம் கடந்தே மருத்துவமனைக்கு வருகின்றனர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மேலும், எந்தத் தொல்லையும் இல்லாத பெண்கள் எதிர்கால நோய்களைத் தடுப்பதற்கென்றே ஹார்மோன் சாப்பிட வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்புப் பணிக்குழு 2022-ல் கூறியது. எலும்பைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டால் சில ஆண்டுகளில் அதன் பாதுகாப்பும் போய்விடுகிறது. இடுப்பெலும்பு முறிவதோ பெரும்பாலும் எழுபதுக்கு மேல். ஆகவே 65 வயது அம்மாவுக்கு எலும்புக்காக மட்டும் புதிதாக ஹார்மோன் தொடங்குவது பொருத்தமில்லை. அவருக்கு வேறு மருந்துகள் உள்ளன. வாரம் ஒருமுறை சாப்பிடும் அலென்ட்ரோனேட் மாத்திரை அவற்றுள் ஒன்று; அந்த மருந்து 1995 முதல் பயனில் இருக்கிறது. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் மருந்தும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. இந்த ஆறு மாத ஊசியை மருத்துவரைக் கேட்காமல் இடையில் நிறுத்தினால் முதுகெலும்பு முறியும் அபாயம் திடீரென ஏறும்.

நம் நாட்டுப் பெண்களின் நிலை

மேல்நாட்டில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 51. இந்தியாவில் அது 46, 47-ஐ ஒட்டியே இருக்கிறது. எலும்புக்கு ஈஸ்ட்ரோஜனின் துணை நான்கைந்து ஆண்டுகள் முன்பே போய்விடுகிறது. இடுப்பெலும்பு முறிவும் இங்கே சுமார் பத்தாண்டுகள் முந்தி வருவதாக எலும்பு மருத்துவர்கள் கூறுகின்றனர்.

இதைவிடப் பெரிய துயரம் ஒன்று உண்டு. 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு மூவர் கருப்பையை அகற்றிக்கொண்டவர்கள். ஆந்திரம், தெலங்கானா மாநிலங்களில் அது இரு மடங்குக்கும் மேல். பெரும்பாலான அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. மராட்டிய மாநிலத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடையே இந்த அறுவை பெருகியிருப்பது 2019-ல் வெளிச்சத்துக்கு வந்தது. மாநில அரசு அமைத்த குழு 82,309 பெண் தொழிலாளர்களைக் கணக்கெடுத்ததில் 13,861 பேர் கருப்பையை இழந்திருந்தனர். மாதவிடாய் நாட்களில் வேலைக்கு வராவிட்டால் கூலி பிடித்தம் என்ற நிலை, ஒரேயடியாக எடுத்துவிட்டால் தொல்லை இல்லை என்ற எண்ணத்துக்கு அவர்களைத் தள்ளியது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல் வகுத்த நெறிமுறைகளை மூன்று மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது.

கருப்பையை எடுக்கும்போது சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், அந்தப் பெண்ணுக்கு 35 வயதானாலும் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் வற்றிவிடுகிறது. சினைப்பையை விட்டுவைத்தாலும் அது சில ஆண்டுகள் முன்னதாகவே ஓய்ந்துவிடக்கூடும். நாற்பதுக்குள் இந்த நிலைக்கு வந்த பெண்ணின் எலும்பு, ஐம்பது வயதிலேயே அறுபதைத் தாண்டியவரின் எலும்பைப் போலாகலாம்.

இத்தகைய பெண்கள் விஷயத்தில் மருத்துவ உலகில் பெரிய கருத்து வேற்றுமை இல்லை. தடை ஏதும் இல்லையெனில், 45 வயதுக்குள் மாதவிடாய் நின்றவர்களுக்கு, இயல்பாக நிற்கும் வயது வரையிலாவது ஹார்மோன் தர வேண்டும் என்பதே பொதுவான பரிந்துரை. உடல் தானே சுரந்திருக்க வேண்டியதைத் திருப்பித் தருவதுதான் இது. கருப்பை இல்லாதவர்களுக்கு இரண்டாவது ஹார்மோன் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. கருப்பை நீக்கப்பட்ட 10,739 பெண்களுக்கு அதே அமெரிக்க ஆய்வில் ஈஸ்ட்ரோஜனும் வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தனர். அந்தப் பகுதியும் 2004-ல் நிறுத்தப்பட்டது. பக்கவாதம் அதிகரித்ததே காரணம். ஆனால் மார்பகப் புற்றுநோய் அதிகரிக்கவில்லை. இடுப்பெலும்பு முறிவு குறைந்தது. அதிலும் பெரும்பாலோர் ஐம்பதுகளின் பிற்பகுதியையும் அறுபதுகளையும் எட்டியவர்களே.

ஆக, அச்சத்துக்குக் காரணம் மிகக் குறைந்தவர்களும், தேவை மிக அதிகமானவர்களும் ஒரே பெண்கள். நம் நாட்டில் அவர்கள் கரும்புத் தோட்டத்திலும், கட்டட வேலையிலும், வீட்டு வேலையிலும் இருக்கின்றனர். அறுவை முடிந்து வீடு திரும்பும்போது தையல் பிரிக்கும் தேதியைச் சொல்கிறார்கள். எலும்பைப் பற்றிச் சொல்பவர் அரிது. தம் சினைப்பைகள் உள்ளனவா, எடுக்கப்பட்டுவிட்டனவா என்பதே தெரியாத பெண்கள் பலர்.

கேட்க வேண்டியவை

வீட்டில் யாரேனும் கருப்பை அறுவை செய்துகொண்டிருந்தால், மருத்துவமனை தந்த சீட்டை எடுத்துப் பார்ப்பது முதல் வேலை. சினைப்பை பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒரு மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். புதிதாக அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தால், அது அவசியந்தானா, வேறு சிகிச்சை உண்டா, சினைப்பையை விட்டுவைக்க முடியுமா என்ற மூன்று கேள்விகளையும் முன்கூட்டியே கேட்பது நல்லது. இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது முதல் மருத்துவரை அவமதிப்பதாகாது.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ கண்டவர்கள், கால் நரம்பிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியவர்கள், கல்லீரல் நோயுள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்த மாத்திரை பொதுவாக ஆகாது. அண்டை வீட்டு அம்மாளுக்கு ஒத்துக்கொண்டது என்பதற்காக அதே சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்குவது ஆபத்து.

எலும்பின் கனத்தை அளக்க டெக்ஸா என்ற எக்ஸ்ரே பரிசோதனை உண்டு. அதன் அளவு மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்பு மெலிவு நோய் என்று உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வரையறுத்தது. மருந்துக் கடைகளிலும் குடியிருப்புச் சங்கங்களிலும் நடக்கும் இலவச முகாம்களில் குதிகாலை வைத்து ஒலியலை மூலம் பார்ப்பது வேறு. அதை மட்டும் நம்பி மருந்தைத் தொடங்கலாகாது. இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருக்கும் தொழிலாளியின் மனைவிக்கும், அவரைச் சார்ந்துள்ள பெற்றோருக்கும் அதன் மருத்துவ வசதி உண்டு. இருமலுக்கும் காய்ச்சலுக்கும் மட்டுமே அந்த அட்டையை எடுப்பது வழக்கமாகிவிட்டது. ஐம்பதை நெருங்கும் மனைவியின் எலும்பைப் பற்றிக் கேட்பதற்கும் அதைப் பயன்படுத்தலாம்.

அடுப்படியில் செய்யக்கூடியது

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-ல் வகுத்தது. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. எள், முருங்கைக்கீரை, பால், மோர், முள்ளோடு தின்னக்கூடிய சிறு மீன் ஆகியவையும் உதவும். ஊரில் கூழாகவும் களியாகவும் உண்ட கேழ்வரகை நகரத்துக்கு வந்தபின் மறந்தவர்கள் அதை மீண்டும் அடுப்பேற்றலாம். மராட்டியக் கடைகளில் நாச்சணி என்று கேட்டால் அதுவே கிடைக்கும். வெயில் நிறைந்த நாடாயிருந்தும், ஒற்றை அறை வீடுகளில் நாளெல்லாம் அடைபட்டிருக்கும் பெண்களுக்கு வைட்டமின் டி குறைவு சர்வ சாதாரணம். வெயிலில் நடப்பதும், சுமை தாங்கும் உடற்பயிற்சியும், குளியலறையில் வழுக்காத தரையும், இரவில் ஒரு சிறு விளக்கும் எந்த மாத்திரைக்கும் துணை நிற்பவை. கால்சியமும் வைட்டமின் டி-யும் சேர்ந்த மாத்திரை மக்கள் மருந்தகங்களில் மலிவாகக் கிடைக்கிறது. எனினும், இளவயதில் சினைப்பை போனவர்களுக்கு இவை மட்டும் போதா.

அரசு செய்ய வேண்டியதும் பெரிய செலவு பிடிப்பதன்று. கருப்பை நீக்கிய ஒவ்வொரு பெண்ணின் சீட்டிலும் சினைப்பை இருக்கிறதா இல்லையா என்பதையும், எலும்புப் பாதுகாப்புக்கு என்ன அறிவுரை தரப்பட்டது என்பதையும் அவளுக்குப் புரியும் மொழியில் எழுதித் தருவதை எல்லா மருத்துவமனைகளுக்கும் கட்டாயமாக்கலாம். நெறிமுறைகளை ஏற்ற மாநிலங்கள் அவற்றை நடைமுறைப்படுத்துகின்றனவா என்பதையும் ஆண்டுதோறும் வெளியிடலாம். பிற மாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெண்ணுக்கு இந்த மொழிச் சிக்கல் இரட்டிப்பாகும். மராத்தியிலோ இந்தியிலோ மருத்துவர் சொன்னது பாதி புரிந்து, மீதியைக் கணவனோ மகனோ விளக்க வேண்டியிருக்கிறது. மாதவிடாயைப் பற்றி மகனிடம் பேசக் கூசும் தாய், கேட்க வேண்டியதைக் கேட்காமலே வீடு திரும்புகிறாள்.

அமெரிக்காவில் அந்தக் கறுப்புக் கட்டம் வந்தபோதும் சரி, இப்போது போகும்போதும் சரி, கணக்குகள் ஏறத்தாழ அவையே. கூச்சத்தைச் சற்றே ஒதுக்கி வைத்து, அம்மாவிடமும் மனைவியிடமும் அந்த அறுவைச் சீட்டு எங்கே இருக்கிறது என்று ஒருமுறை கேட்பதற்கு வாஷிங்டனின் அனுமதி தேவையில்லை.